நீ எதிரே வந்த காலை

இன்றைக்குக் காலையில் மருமகள் லோகா கிணற்றடியில் புதுச் சோப்புக் கட்டி ஒன்றை அறுத்தாள். செங்கல் நிறத்துக் கார்பாலிக் சோப்பு. கடையில் வேறு சோப்பு கிடைக்கவில்லையாம். அந்த வாசனை சமையலறைக்குள் வந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன். நீதான் வருகிறாய் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகும் உன் கையை விட்டுப் போகாத வாசனை அது. நீ போய் இரண்டு மாசம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நீ இருந்திருந்தாலும் என் வாசலுக்கு வந்திருக்க மாட்டாய் என்பதும் கூடவே வந்தது.

மத்தியானத் தபாலில் சரசுவின் கடுதாசி. என் பேத்தி, நம்ம சரசு, படிப்பை முடித்துவிட்டாளடி. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, தோளில் என்னவோ பட்டுத்துணி தொங்க, கையில் சுருட்டின காகிதத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அங்கிக்குக் கீழே சேலைக் கரை இரண்டு விரல் தெரிகிறது. பக்கத்து வீட்டு முதலியாரம்மாவிடம் காட்டினேன். எதிர்வீட்டில் காட்டினேன். கீரைக்காரியைக் கூடையை இறக்கச் சொல்லிக் காட்டினேன். "வக்கீலாம்மா?" என்றாள். "அதுக்கும் மேலே" என்றேன். பெருமை என்னை விட்டுப் போகவில்லை, பார்த்துக்கொள்.

உனக்குத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும். அதைவிட, படத்தோடு வந்த கடுதாசியை உன்னிடம் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. வரி மேலும் கீழும் போகிறது. பள்ளிக்கூடத்திலேயே என் எழுத்தைப் பார்த்து, "தனம் எழுதினா நண்டு ஓடின மாதிரி இருக்கு" என்று சிரித்தவள் நீ. இப்போதும் சிரித்துக்கொள்.

அந்தப் பள்ளிக்கூடம் சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்தினது. ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். ஐந்து முடிந்ததும் என்னைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்து மயிலாப்பூர்க் குளத்தங்கரைத் தெருவுக்கு அனுப்பினார்கள். நீ படித்து நர்ஸ் ஆனாய். உனக்கும் கல்யாணம் ஆயிற்று. கப்பலில் வேலை பார்த்த உன் புருஷன் ரங்கூனுக்குப் போன தடவை திரும்பி வரவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றையிலிருந்து நீ வெள்ளைச் சேலை. அது நர்ஸ் சேலையா, தாலி அறுத்த சேலையா என்று யாரும் உன்னைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீயும் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு அப்படியில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு, நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் நான் தானாகவே உள்ளே போய்விடுவேன். ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை. கால் தானாகப் போகும்.

சரசு பிறந்தது உன் கையில்தான். லோகாவுக்குத் தலைச்சன். இரண்டு நாள் வலி. நான் மூலையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். நீ லோகாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைத் திட்டினாய். "பயப்படறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு தனம், இப்ப வெந்நீர் கொண்டா." குழந்தை வெளியே வந்து கண்ணைத் திறந்தபோது அது பார்த்தது உன் முகத்தைத்தான். பேச ஆரம்பித்ததும் என்னை ஆயா என்றது. உன்னை நர்ஸ் ஆயா என்றது.

அந்தக் குழந்தை காலேஜில் சேர்ந்து இரண்டு வருஷம் படித்தபோதுதான் சண்டைக் காலம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது உனக்குத் தெரியும். நாங்கள் காஞ்சீபுரத்துக்கு ஓடினோம். உன்னை மறுபடி ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள் என்று நீ மட்டும் இங்கேயே இருந்தாய். திரும்பி வந்தபோது சரசுவின் படிப்பு பாதியில் நின்றிருந்தது. என் மகன் கல்யாணப் பேச்சை எடுத்தான். பாதி பி.ஏ. படித்த பெண் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான். அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

சண்டை முடிந்ததும் அவளுடைய காலேஜை நடத்தின வெள்ளைக்காரப் பெரியம்மா ஏற்பாடு செய்து, மிச்சப் படிப்பைச் சீமையிலே முடிக்க இடம் வாங்கிக் கொடுத்தாள். செடிகொடிப் படிப்பு. அதிலும் கடல் பாசி. நீ என் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாய்.

"ஏண்டி சரசு, நம்ம கரையிலே காலை வெச்சா வழுக்குதே, அந்தப் பாசியைப் படிக்கவா சீமைக்குப் போறே? மீன்காரி அஞ்சலையைக் கேட்டா ஒரு கூடை கொண்டாந்து போடுவா."

"அவ பேர் சொல்ல மாட்டாளே நர்ஸ் ஆயா."

"பேர் சொல்றதுக்கு மூணு கடல் தாண்டணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ சொன்ன மூன்று கடலையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்தாலும் கடலுக்குள்ளே போட்டுவைத்த வெடிகள் இன்னும் மிதக்கின்றன என்று மகன் பத்திரிகை படித்துச் சொல்லியிருந்தான். ஒரு மாசம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல், தண்ணீர், தண்ணீருக்கடியில் வெடி, அந்த ஊர்க் குளிர், தனியாக ஒரு பெண். சொல்லிவிட்டால் பலித்துவிடுமோ என்று வாயைத் திறக்கவும் பயம்.

அதனால்தான் சகுனம் ஒன்றையாவது சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். என் கையில் இருந்தது அது ஒன்றுதான். கிளம்புகிற காலை ஏழரைக்கு முதலியாரம்மா நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும் என்று சொல்லிவைத்தேன். முதல் நாள் உன்னிடம் சொன்னபோது நீ ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னாய்.

"தண்ணிக்குடம் தானா எதிர்ல வந்தாதான் சகுனம். மணி பாத்து வரச் சொன்னா அது டிராம்."

"நீ நாளைக்குக் காலையிலே வராதே. அவ கிளம்பினப்புறம் வா. தப்பா எடுத்துக்காதே" என்றேன்.

"எடுத்துக்கலே" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு பேசுகிறவள் நீ.

மறுநாள் காலையில் நான் முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்திருந்தேன். ஜட்கா வண்டி வந்து நின்றது. சரசு என் அறைக் கதவருகே வந்து, "ஆயா, போயிட்டு வரேன்" என்றாள். கதவைத் திறக்காமலே, "மகராசியா போயிட்டு வா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வாசலைத் தாண்டினாள். முதலியாரம்மா வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. குளத்து முனையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலை வந்தது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தெரு நடுவே, நேராக.

கடல் புருஷனைக் கொண்டுபோன ஒருத்தி, கடல் தாண்டப் போகிற பெண்ணுக்கு எதிரே. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினேன். "சரசு, உள்ளே வா. உள்ளே வந்துடு."

தெருவே திரும்பிப் பார்த்தது. லோகா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, பலகையில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னாள். முகூர்த்தம் தவறாமல் மறுபடி கிளம்பவேண்டுமே. சரசு ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது. இரண்டாம் தடவை அவள் வெளியே போனபோது முதலியாரம்மா குடத்தோடு நின்றாள். நீ எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாய், குடை மடக்கியபடி. ஜட்கா உன்னைத் தாண்டும்போது சரசு கையை நீட்டியதையும், நீ அதைத் தொட்டதையும் பார்த்தேன். அதையும் கெட்ட கணக்கில்தான் சேர்த்தேன்.

முதல் பனிக்காலத்திலேயே நான் பயந்தது வந்தது. அந்த வருஷம் அந்த ஊரில் என்றும் இல்லாத குளிராம். எரிக்கக் கரியில்லையாம். பாசி பறிக்கக் கடல் தண்ணீரில் முழங்கால் வரை நின்றிருக்கிறாள். ஏழு வாரம் கடுதாசி இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு வந்துவிடுவேன். நம் வாசலைத் தாண்டிப் போனாலும் பயம், நின்றாலும் பயம். பிறகு ஒன்று வந்தது. அவள் எழுத்து மாதிரியே இல்லை, நடுங்கின எழுத்து. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் நீ வந்தாய். எனக்கு முன்னாலேயே உனக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. வாசலில் நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் சொன்னேன். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "கடலு உன் தாலியை எடுத்தது போதலையா? என் பேத்தியையும் அதுக்குக் காட்டிக் குடுக்கத்தான் அன்னைக்கு எதிர்ல வந்தியா?"

லோகா உள்ளேயிருந்து "அத்தை" என்றாள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், நாலு நாளில் சரியாகியிருக்கும்.

"ஜுரம் எறங்கிடுச்சுன்னு எழுதியிருக்காளா? அதை மட்டும் சொல்லு" என்றாய்.

"எறங்கியிருக்காம்."

"சரி" என்றாய். திரும்பிப் போனாய்.

அதற்குப் பிறகு நீ இந்தத் தெருவுக்கே வரவில்லை. நானும் சாந்தோம் பக்கம் போகவில்லை. சரசு எழுந்துவிட்டாள், மறுபடி காலேஜுக்குப் போகிறாள் என்று எழுதினாள். நீ வராததால்தான் தேறினாள் என்று ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்த தலைதான் இது. நினைத்தபின் அன்றைக்கெல்லாம் தலைவலி. சுதந்திரம் வந்த நாளில் தெருவெல்லாம் கொடி கட்டி, எல்லார் வீட்டிலும் பாயசம். ஒரு தூக்கில் ஊற்றி மூடி வைத்தேன், நீ அன்றைக்காவது வருவாய் என்று. சாயந்தரம் அதை முதலியாரம்மா வீட்டுக் குழந்தைகள் குடித்தார்கள்.

மீன் கொண்டுவருகிற அஞ்சலை மட்டும் இரண்டு வீட்டுக்கும் வந்துபோனாள். கூடையை இறக்குகிறபோதே கேள்வி கேட்பாள்.

"இன்னாம்மா, கண்ணு எப்டி கீது? எடது கண்ணுல தெர வுழுந்துக்கினு வருதாமே?"

"உனக்கு யார் சொன்னது?"

"நீதாம்மா சங்கரா மீனப் பாத்துக் கெழங்கா மீனுன்னு சொல்றியே. அப்பறம் இன்னா. காலு வீங்குதா? உப்ப கொறச்சுக்க."

நான் அவளை வாயாடி என்று நினைத்தேன். மீன்காரிக்கு என் உப்பைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம், ஐப்பசி மழையில் ஒரு நாள் அதே அஞ்சலை கூடையில்லாமல் வந்தாள். படியேறாமல் மழையிலேயே நின்றாள். "நர்ஸம்மா விடிகாலைல பூட்டாங்கம்மா" என்றாள். "மார்வலின்னு ஒக்காந்தாங்க. அவ்ளோதான். மாதா கோயிலாண்ட எடுத்துக்கினு போறாங்க, வர்றியா?" நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? பெரிய கோயில் மணி அடித்தது இங்கே வரைக்கும் கேட்டது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போட மறந்து நின்றேன்.

மறுவாரம் சரசுவுக்கு எழுதினேன். நர்ஸ் ஆயா போய்விட்டாள், ஒன்றே முக்கால் வருஷமாக அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பேச்சும் இல்லை, நீ மனசைத் தேற்றிக்கொண்டு பரீட்சையைப் பார் என்று. பரீட்சை முடிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பதில்தான் இன்றைக்கு, படத்தோடு வந்தது. தமிழில்தான் எழுதியிருக்கிறாள், நான் படிக்கும்படி பெரிய பெரிய எழுத்தாக. அவள் எழுதினதை அப்படியே உனக்குப் பார்த்து எழுதுகிறேன்.

"ஆயா, அன்னைக்கு நர்ஸ் ஆயாவை எதிர்ல வரச் சொன்னதே நான்தான். அவங்க மாட்டேன்னாங்க. உங்க ஆயா பயந்துடுவா, வேணாம்னாங்க. நான் விடலே. இந்த உலகத்துல என்னை முதல்ல பார்த்த முகம் அது. இவ்வளவு தூரம் போறப்பவும் எனக்கு அதுதான் வேணும்னு அழுதேன். உங்களையும் வெளியே வரச் சொல்லணும்னு உங்க கதவாண்ட வந்து நின்னேன். கேட்கத் தைரியம் வரலே. ஸ்டேஷன்லே அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நர்ஸ் ஆயா முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தாங்க. உங்கப்பா படிப்பை நிறுத்திடுவாரு, நான் தானா வந்ததாவே இருக்கட்டும், தனம் ரெண்டு நாள் திட்டுவா, மூணாம் நாள் காப்பி குடுப்பான்னாங்க."

மூன்றாம் நாள் காப்பி கொடுத்தேன்தான். அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் கொடுத்தது வேறு.

இன்னும் இருக்கிறது. நீ வாரா வாரம் அவளுக்கு எழுதினாயாமே. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எப்படிப் படுக்கவேண்டும், எப்படி மூச்சு இழுக்கவேண்டும் என்று படம் போட்டு அனுப்பினாயாமே. அவள் உடம்பு சரியில்லை என்று முதலில் எழுதினதே உனக்குத்தானாம், எங்களுக்குப் பக்குவமாகச் சொல்லும்படி. அதைச் சொல்லத்தான் அந்தச் சாயந்தரம் வந்தாயா? ஒவ்வொரு கடுதாசியிலும் என்னைப் பற்றி நாலு வரி. "உங்க ஆயா சௌக்கியம். இடது கண்ணில் திரை. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உப்பைத்தான் குறைக்க மாட்டேன் என்கிறாள்." என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல. அதனால்தான் சரசு இப்போது கேட்கிறாள். "நீங்க பேசவே இல்லேன்னு எழுதியிருக்கீங்க, எனக்குப் புரியலே ஆயா. என்ன நடந்தது?"

பதில் எழுத நேரமில்லை. என் கடுதாசி போய்ச் சேருவதற்குள் அவள் கப்பல் ஏறிவிடுவாள். மாசி பிறந்ததும் பம்பாயில் இறங்குகிறாள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. படம் வந்த சந்தோஷம் ஒரு நாழிகைதான் இருந்தது. மறுபடி கப்பல், மறுபடி கடல். சகுனமெல்லாம் பொய் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. அறுபது வருஷத்துப் பயம். உன்னைப்போல ஒரு குடையை விரித்துக்கொண்டு அதற்கு நடுவே நடந்து வர எனக்கு வராது. ஆனால் நீ எதிரே வந்த பெண் கடலையும் குளிரையும் காய்ச்சலையும் தாண்டிப் பட்டம் வாங்கி வருகிறாள். நிறைகுடம் கொண்டுவந்த முதலியாரம்மாவோ அவள் என்ன படித்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் லோகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கடுதாசியைப் படித்திருந்தாள்.

"அத்தை, சரசு வர்ற அன்னைக்கு ஆரத்தி எடுக்க முதலியாரம்மாவைச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நீங்க…" என்று இழுத்தாள்.

"நான் வாசல்லே நிக்கறேன். ஜட்கா நிக்கிற எடத்துலே."

அவள் சேலை முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு" என்றேன்.

அவள் நினைத்த பயம் வேறு. எனக்கிருக்கிற பயத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். சரசு ஜட்காவிலிருந்து இறங்கியதும் கேட்பாள். என் வாசலில் நின்று நீ கேட்ட கேள்வி மாதிரிச் சின்னதாகத்தான் கேட்பாள். நான் உன்னைப் பார்த்துச் சொன்னதை அவளைப் பார்த்து, ஒரு சொல் விடாமல், திருப்பிச் சொல்லவேண்டும். அதைக் கேட்ட முகத்தோடு அவள் எனக்குப் பேத்தியாக இருப்பாளோ மாட்டாளோ தெரியாது. கப்பல் பத்திரமாகக் கரை சேரவேண்டும் என்று விளக்கைப் பார்த்துக் கும்பிடுகிறேன். கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்னும் ரெண்டு நாள் மெதுவாக வரட்டுமே என்றும் மனசு கேட்கிறது. ஒரே மனசுதான் ரெண்டையும் கேட்கிறது. எது பலித்தாலும் நான் வாசலில்தான் நிற்பேன்.